தம்பூரா ஒலிக்கும் யூரோராக் மாட்யூல்: முதலில் வரைய வேண்டியது பேனலா, சர்க்யூட் போர்டா?

சுருதிப்பெட்டி (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம்.

யூரோராக் அளவில் (சிந்தசைசரின் பகுதிகளைத் தனித்தனி மாட்யூல்களாக ஒரே பெட்டியில் மாட்டிக் கேபிள்களால் இணைக்கும் முறை), தம்பூராவைப் போல இடைவிடாமல் சுருதி சேர்த்துத் தரும் மாட்யூல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மின்னணுத் தம்பூராவை 1979இலேயே இதே பெங்களூருவில் ஜி. ராஜ் நாராயண் அவர்கள் உருவாக்கிவிட்டார். அந்தப் பெட்டிகள் கச்சேரி மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால் அவை தனித்து நிற்பவை. எனக்கு வேண்டியது, வேறொரு மாட்யூலிலிருந்து வரும் மின்னழுத்தத்தால் சட்ஜத்தை நகர்த்தக்கூடியதும், ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் தனித்தனி ஜாக் வழியாக வெளியே எடுத்து ஃபில்டருக்குள் செலுத்தக்கூடியதுமான ஒரு கருவி.

சர்க்யூட் இதுதான். ஏ.எஸ்.3340 என்னும் ஆஸிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும்) ஐ.சி.க்கள் மூன்று: ஒன்று பஞ்சமம், ஒன்று சட்ஜம், ஒன்று மந்தர சட்ஜம். தம்பூராவின் நடுத் தந்திகள் இரண்டும் ஒரே சட்ஜம் என்பதால் நான்காவது ஆஸிலேட்டர் தேவைப்படவில்லை. சி.டி.4017 கவுண்ட்டர் ஒன்று நான்கு தந்திகளையும் வரிசையாக மீட்டுகிறது. எந்தத் தந்தி மீட்டப்படுகிறதோ அதற்குரிய எல்.இ.டி. ஒளிர்கிறது. பேனலில் சுருதிக்கு மூன்று நாப், ஒலி அளவுக்கு மூன்று, மீட்டும் வேகத்துக்கு ஒன்று, ஜாக்குகள் ஆறு. இவையெல்லாம் 12 ஹெச்.பி. (யூரோராக்கின் அகல அலகு) அகலத்துக்குள் அடங்கும் என்று எண்ணுகிறேன்.

வெரோ போர்டில் (சோதனைக்கான செம்புப் பட்டைப் பலகை) சர்க்யூட் வேலை செய்கிறது. இரண்டு கட்டைக்குச் சுருதி கூட்டிப் பஞ்சமத்தைச் சேர்த்தால் நன்றாக இழைகிறது. ஆனால் எல்.இ.டி. ஒளிரும் நேரத்தில் மட்டும் அந்த இழைவில் மெல்லிய அலைவு ஒன்று கேட்கிறது, எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டால் அலைவு நின்றுவிடுகிறது. போர்டையும் பேனலையும் கிகேட் என்னும் சர்க்யூட் வரையும் மென்பொருளில் வரையத் தொடங்கும் முன் இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கேட்க விரும்புபவை மூன்று. முதலில் வரைய வேண்டியது பேனலா, போர்டா? பேனலை அலுமினியத்தில் வெட்டுவதா, பலரும் செய்வதுபோல் பி.சி.பி. (சர்க்யூட் போர்டு) தகட்டிலேயே செய்துகொள்வதா? இந்த அலைவு வரைபடத்தில் தீர்க்கக்கூடியதா, சர்க்யூட்டையே மாற்ற வேண்டுமா?

---

செம்புத்தடம் (ஜெயநகர், பெங்களூரு)

வணக்கம் நண்பரே. உங்களுடைய மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள் இருக்கிறது.

மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்னும் முறையில் ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 83.3 மில்லிவோல்ட்தான் இருக்கிறது. அதை நூறாகப் பகுத்த ஒரு சென்ட் என்பது 0.83 மில்லிவோல்ட். அதாவது, ஒரு மில்லிவோல்ட் பிழை புகுந்தால் சுருதி 1.2 சென்ட் விலகும். இனி உங்கள் எல்.இ.டி.யைப் பாருங்கள். அது 10 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்றும், அந்த மின்னோட்டம் கிரவுண்டுக்குத் திரும்பும் தடத்தையே ஆஸிலேட்டரும் தன் பூஜ்ய வோல்ட்டாக நம்பியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வழக்கமான 35 மைக்ரான் செம்பில், ஒரு தடத்தின் நீளத்தை அதன் அகலத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரங்களாகப் பிரித்தால், சதுரத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிஓம் மின்தடை வரும். 0.25 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் உள்ள தடத்தில் 400 சதுரங்கள், ஆகவே 0.2 ஓம். அதன் வழியே 10 மில்லிஆம்பியர் பாயும்போது 2 மில்லிவோல்ட் எழுகிறது. சுருதிக் கணக்கில் அது 2.4 சென்ட்.

2.4 சென்ட் காதுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். தனி ஸ்வரமாகப் பாடும்போது பலருக்கும் தெரியாது. சுருதி சேர்ந்த தம்பூராவில் கட்டாயம் தெரியும். இரண்டு கட்டைச் சட்ஜம் 146.8 ஹெர்ட்ஸ் என்றால் அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரம் 440 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது, அதற்குக் கீழே உள்ள பஞ்சமத்தின் நான்கு மடங்கு மேற்சுரமும் அதே இடத்தில்தான் விழுகிறது. அவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர்வதைத்தான் நாம் இழைவது என்கிறோம். ஒன்று மட்டும் 2.4 சென்ட் நகர்ந்தால் நொடிக்கு 0.6 அலைவு, அதாவது ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் நீளும் ஓர் அலைவு உண்டாகும். வெரோ போர்டில் நீங்கள் கேட்பது இதுவாகவே இருக்க வேண்டும். எல்.இ.டி.யும் தந்தியும் ஒரே கணத்தில் இயங்குவதால், அந்தப் பிழை ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் தருணத்திலேயே வந்து சேர்கிறது.

ஆகவே சர்க்யூட்டை மாற்ற வேண்டியதில்லை; மின்னோட்டம் திரும்பும் வழியை வரைபடத்தில் தீர்மானித்தால் போதும். இரண்டு அடுக்குப் போர்டில் கீழ் அடுக்கு முழுவதையும் கிரவுண்டுக்கு விட்டுவிடுங்கள், அதன் நடுவே நீளமான தடங்களை ஓட்டி அதைத் துண்டாக்காதீர்கள். ஆனால் கிரவுண்டுப் பரப்பு இருந்தால் மட்டும் போதாது. மாறாத மின்னோட்டம் மின்தடை குறைந்த வழியையே தேடிப் போகும் என்பதால், எல்.இ.டி.யிலிருந்து மின் இணைப்பான் வரை மனத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் மேல் 3340 ஐ.சி.க்களோ, ஒரு வோல்ட் ஒரு ஸ்தாயி ஜாக்கோ இருக்கக் கூடாது. கவுண்ட்டரும் எல்.இ.டி.க்களும் ஒரு பக்கம், ஆஸிலேட்டர்கள் மறு பக்கம், நடுவில் மின் இணைப்பான் என்று வைத்தால் இரு மின்னோட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் வீடு திரும்பும். எல்.இ.டி.க்களுக்கு 10 மில்லிஆம்பியரும் தேவையில்லை. இப்போது கிடைக்கும் பிரகாசமான வகைகள் 1 மில்லிஆம்பியரிலேயே அறை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். ரெசிஸ்டரை மாற்றுவதாலேயே பிழை பத்தில் ஒன்றாகிவிடும்.

முதல் கேள்விக்கான விடையும் இங்கேயே கிடைக்கிறது. பேனலை முதலில் வரையுங்கள். ஆனால் பேனலில் எல்.இ.டி.க்கு ஒரு துளை போடும்போதே அதன் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அழகுக்காகச் சுருதி ஜாக்கின் பக்கத்திலேயே எல்.இ.டி.யை வைத்துவிட்டு, பின்னர் போர்டில் அதைத் திருத்தப் பார்ப்பது வீண் வேலை.

சுருதி நாப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாப்பின் பின்னால் உள்ள பாட்டின் (பொடென்ஷியோமீட்டர், மாறும் மின்தடை) இரு முனைகளையும் நேராக +12, −12 வோல்ட்டில் இணைப்பது வழக்கம். அந்த நாப் பாதியிலிருந்து முழு வலத்துக்குத் திரும்பும்போது ஒரு ஸ்தாயி நகர்கிறது என்றால், 12 வோல்ட் ஒரு ஸ்தாயிக்குச் சமம். எனவே மின்வழங்கி 12 மில்லிவோல்ட் ஆடினாலும் சுருதி 1.2 சென்ட் ஆடும். பெட்டியில் வேறொரு மாட்யூலைச் செருகியதும் சுருதி நகர்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்.எம்.4040 போன்ற நிலையான மின்னழுத்த மூலம் ஒன்றைப் போர்டிலேயே வைத்து, மூன்று நாப்களுக்கும் அதிலிருந்தே கொடுங்கள். ஒரு தம்பூராவுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

பேனலில் இருந்து வரும் சுருதி மின்னழுத்தங்கள் 100 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியே ஐ.சி.யின் ஒரே காலில் வந்து கூடும். அந்த ரெசிஸ்டர்களை ஜாக்கின் அருகில் வைக்காமல் ஐ.சி.யின் காலை ஒட்டியே வையுங்கள். ரெசிஸ்டருக்கு முன்னால் உள்ள தடம் நீளமாக இருக்கலாம். பின்னால் உள்ள தடம் நகக்கண் அளவுக்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் அது சுற்றியுள்ள எல்லாத் துடிப்புகளையும் வாங்கிக்கொள்ளும். கவுண்ட்டரின் கிளாக் தடம் அதன் பக்கத்தில் வரவே வேண்டாம்.

மற்றவை வழக்கமானவை. ஒவ்வொரு ஐ.சி.யின் மின் கால்களுக்கும் அருகில் 100 நானோஃபாரட், மின் இணைப்பானை ஒட்டி இரு பக்கமும் 10 மைக்ரோஃபாரட், தலைகீழாகச் செருகினால் காக்க 1என்5817 டயோடு இரண்டு. பத்துக் கால் இணைப்பானில் 1, 2 கால்கள் −12 வோல்ட், 3 முதல் 8 வரை கிரவுண்டு, 9, 10 கால்கள் +12 வோல்ட். ரிப்பனின் சிவப்புக் கோடு −12 பக்கம் வர வேண்டும். இணைப்பானின் காடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லாததால், −12 என்று போர்டிலேயே பெரிதாக அச்சிட்டுவிடுங்கள்.

---

பீன்யா பட்டறை (பெங்களூரு)

வணக்கம். மின்னோட்டத்தைப் பற்றி மேலே உள்ளவர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தகடு வெட்டுபவன். பேனலைப் பற்றிச் சொல்கிறேன்.

யூரோராக்கின் அளவுகள் பழைய தொழிற்சாலை ராக் அளவுகளிலிருந்து வந்தவை; டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் தமது ஏ-100 வரிசைக்கு எடுத்துக்கொண்டதால் இசைக்கருவி அளவாக நிலைத்தன. பேனலின் உயரம் 128.5 மி.மீ. ஒரு ஹெச்.பி. 5.08 மி.மீ. என்றாலும் 12 ஹெச்.பி. பேனலை 60.96 என்று வெட்டக் கூடாது, 60.6 என்று வெட்ட வேண்டும். அந்தச் சிறு குறைவு இல்லாவிட்டால், பல பேனல்களை வரிசையாக மாட்டும்போது கடைசிப் பேனல் உள்ளே இறங்காது. திருகுத் துளையின் மையம் இடது விளிம்பிலிருந்து 7.5 மி.மீ., மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ.; மேல் கீழ்த் துளைகளுக்கு இடையே 122.5 மி.மீ. வலப்புறத் துளை, இடப்புறத் துளையிலிருந்து 5.08இன் முழு மடங்கில் இருக்க வேண்டும், 12 ஹெச்.பி.க்கு ஒன்பது மடங்கு, அதாவது 45.72. துளைகள் 3.2 மி.மீ. விட்டம். அவற்றைச் சற்றே நீள்வட்டமாக வெட்டினால் மாட்டும்போது கை நிம்மதியாக இருக்கும்.

இந்த 128.5 முழுவதும் போர்டுக்குக் கிடைக்காது. மேலும் கீழும் தண்டவாளங்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால் போர்டின் உயரத்தை 108 மி.மீ.க்குள் நிறுத்துங்கள். 100க்குள் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பல பி.சி.பி. தயாரிப்பாளர்களிடம் 100க்கு 100 மி.மீ. வரை விலை மிகக் குறைவு. கடைசி ஜாக் வரிசையின் மையத்தைப் பேனலின் கீழ் விளிம்பிலிருந்து 20 மி.மீ. மேலே வைத்தால் 100 மி.மீ. போர்டில் எல்லாம் அடங்கும்.

12 ஹெச்.பி.யில் மூன்று நெடுவரிசைகள் வசதியாக வரும். மையங்களை 12.3, 30.3, 48.3 மி.மீ. என்று வையுங்கள், நாப்களுக்கு இடையே 18 மி.மீ. கிடைக்கும், விரல் நுழையும். சுருதி கூட்டும்போது இரண்டு விரல்களால் நாப்பைப் பிடித்து மயிரிழை நகர்த்துவீர்கள். அப்போது பக்கத்து நாப்பில் விரல் பட்டால் சேர்த்த சுருதி போய்விடும். ஆகவே சுருதி வரிசைக்கும் அதன் கீழ் உள்ள ஒலி அளவு வரிசைக்கும் இடையே இன்னும் சற்றுக் கூடுதலாக, 22 மி.மீ. அளவுக்கு இடம் விடுங்கள். ஜாக்குகள் எல்லாம் கீழே இருக்கட்டும். மேலே வைத்தால் தொங்கும் கேபிள்கள் நாப்களை மறைத்துவிடும். 3.5 மி.மீ. ஜாக்குக்குத் துளை 6 மி.மீ., 9 மி.மீ. ஆல்ஃபா வகைப் பாட்டுக்குத் துளை 7 மி.மீ. பாட்டின் முகத்தில் சுழலாமல் தடுக்கும் சிறு மூக்கு இருந்தால், வெட்டிவிடலாம் அல்லது அதற்கென்று ஒரு துளை விடலாம்.

இனி எந்தத் தகடு என்பது. பி.சி.பி. தகடு 1.6 மி.மீ. கனம், வெட்டு, துளை, எழுத்து எல்லாம் ஒரே ஆர்டரில் வந்துவிடும், துளைகளும் துல்லியமாக இருக்கும். ஒன்றோ ஐந்தோ செய்பவருக்கு அதுவே சரி. 12 ஹெச்.பி. வரை வளைவு தெரியாது; 20க்கு மேல் போனால் கேபிளைச் செருகும்போது நடுவில் உள்வாங்கும். 2 மி.மீ. அலுமினியத்தைப் பீன்யாவில் லேசரில் வெட்டி அனோடைஸ் செய்து வாங்கலாம். கையில் அதன் உறுதி வேறுதான், நான் என் கருவிகளுக்கெல்லாம் அதையே விரும்புகிறேன். ஆனால் எழுத்தைத் தனியாக ஸ்கிரீன் பிரிண்ட் செய்யவோ பொறிக்கவோ வேண்டும், சிறு எண்ணிக்கைக்கு அந்தச் செலவு கட்டாது. 3 மி.மீ. அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். ஜாக்கின் மரை குட்டையானது, நட்டு நன்றாகப் பிடிக்காது.

அலுமினியம் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஜாக்கின் உலோகக் கழுத்து கிரவுண்டு. அது நட்டு வழியாகப் பேனலைத் தொடும், பேனல் திருகு வழியாகத் தண்டவாளத்தைத் தொடும், தண்டவாளம் பக்கத்து மாட்யூலைத் தொடும். அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் திருகும் நட்டும் அதைச் சுரண்டிவிடும். ஆக, ஒருநாள் தொடும், ஒருநாள் தொடாது. நீங்கள் கவனமாக வரைந்த கிரவுண்டுக்கு இப்படி ஒரு கொல்லைப்புற வழி உண்டாகும்.

வெட்டக் கொடுக்கும் முன் பேனல் வரைபடத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் சேர்த்து அச்சிட்டு, அதை அளவுகோலால் அளந்து பாருங்கள். பிறகு கெட்டி அட்டையில் ஒட்டி, துளையிட்டு, உண்மையான நாப்களையும் ஜாக்குகளையும் செருகி, கேபிள்களையும் மாட்டிக் கை வைத்துப் பாருங்கள். திரையில் தாராளமாகத் தெரியும் இடம் கையில் எவ்வளவு நெருக்கம் என்பது அப்போதுதான் புரியும்.

---

ஐந்துகட்டை (மல்லேஸ்வரம், பெங்களூரு)

வேறொரு வழியையும் எண்ணிப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். யூரோராக் ஜாக்குகளையும் 9 மி.மீ. பாட்டுகளையும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தருவிக்க வேண்டும். இங்கே மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைப்பவை 16 மி.மீ. பாட்டுகளும் 6.35 மி.மீ. ஜாக்குகளும். காஸ்மோ என்ற பெரிய அளவு இருக்கிறது: பேனல் உயரம் 200 மி.மீ., அகலம் 25 மி.மீ.யின் மடங்குகள், ஜாக்குகள் 6.35 மி.மீ. மின்வழங்கி அதே ±12 வோல்ட். சுருதி கூட்டும் கருவிக்குப் பெரிய நாப் மிகவும் பொருந்தும். ஒரே கோணத் திருப்பத்தில் விரல் நகரும் தொலைவு கூடுவதால் நுட்பமாகச் சேர்க்கலாம். பாட் பழுதானால் அன்று மாலையே மாற்றிவிடலாம் என்பதும் எனக்குப் பெரிய காரணம். யூரோராக் வைத்திருக்கும் நண்பர்களோடு இணைக்கும்போது மட்டும் இரு முனையும் வேறு வேறு அளவுள்ள கேபிள் தேவைப்படும்.

---

சுருதிப்பெட்டி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செம்புத்தடம் அவர்கள் சொன்னபடி எல்.இ.டி. ரெசிஸ்டரை மாற்றி, அதன் கிரவுண்டுக் கம்பியைத் தனியாக மின் இணைப்பான் வரை கொண்டுபோனேன். வெரோ போர்டிலேயே அலைவு நின்றுவிட்டது. பஞ்சமம் இப்போது அசையாமல் நிற்கிறது.

ஐந்துகட்டை அவர்களே, உங்கள் யோசனை என்னை மிகவும் ஈர்த்தது. ஆனால் என்னிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டி யூரோராக் என்பதால் இந்த ஒன்றை அதிலேயே செய்கிறேன். சுருதி நாப்களை மட்டும் இருக்கும் இடத்துக்குள் பெரியவையாகத் தேர்ந்துகொள்கிறேன். பேனல் பி.சி.பி. தகடுதான். பட்டறை அண்ணன் சொன்னபடி அட்டையில் ஒட்டிப் பார்த்ததில் வேக நாப்பின் இருபுறமும் இடம் மிஞ்சுகிறது.

அந்த இடத்தில் ஏழாவதாக ஒரு ஜாக் வைத்து, சட்ஜத்தின் சுருதி மின்னழுத்தத்தை வெளியே தர விரும்புகிறேன்; அதைக் கொண்டு பெட்டியில் உள்ள மற்ற ஆஸிலேட்டர்களும் இந்தச் சட்ஜத்தைப் பின்தொடரலாம். ஒலி வெளியீடுகளில் இருப்பதுபோல் இதற்கும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் போதுமா? இன்னொன்று: பேனலில் எழுத்துகளைத் தமிழில் அச்சிட ஆசை. சில்க்ஸ்கிரீனில் (போர்டின் மேல் அச்சிடும் எழுத்து அடுக்கு) தெளிவாக வருமா?

---

செம்புத்தடம்

அலைவு நின்றதில் மிக்க மகிழ்ச்சி.

சுருதி வெளியீட்டுக்கு அந்த ரெசிஸ்டரை அப்படியே போடாதீர்கள். எதிரில் உள்ள மாட்யூலின் உள்ளீடு வழக்கமாக 100 கிலோஓம். 1 கிலோஓம் அதனோடு சேர்ந்து மின்னழுத்தத்தை ஒரு விழுக்காடு குறைத்துவிடும். ஒரு வோல்ட்டில் 10 மில்லிவோல்ட், அதாவது ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட். இரண்டு ஆஸிலேட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் 24 சென்ட். ஒலிக்கு இது பொருட்டே இல்லை, சுருதிக்குப் பெருந்தவறு.

வழி எளிது. ரெசிஸ்டர் இருக்கட்டும், ஆனால் வெளியீட்டை ஓட்டும் ஆப்-ஆம்ப்பின் (பெருக்கி ஐ.சி.) பின்னூட்டத்தை ரெசிஸ்டருக்கு அப்பால், ஜாக்கின் காலிலிருந்தே எடுங்கள். அப்போது ரெசிஸ்டரில் எவ்வளவு குறைந்தாலும் ஆப்-ஆம்ப் அதைச் சரிக்கட்டும்; யாராவது ஜாக்கைக் கிரவுண்டோடு தொடவைத்தாலும் மின்னோட்டம் 12 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. நீளமான கேபிளில் ஆப்-ஆம்ப் அதிர்ந்து கத்தாமல் இருக்க, பின்னூட்டத் தடத்தில் சில கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும், ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக் காலிலிருந்து கழித்தல் உள்ளீட்டுக்கு ஒரு சிறு பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்துவிடுங்கள். போர்டில் இந்த ஆப்-ஆம்ப் ஜாக்கின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த ஜாக்கை உள்ளீட்டு ஜாக்கிலிருந்து பிரித்துக் காட்ட, எழுத்தைச் சுற்றி வெள்ளை நிரப்பிய பெட்டி ஒன்று வையுங்கள். வெளியீடுகளுக்கு அப்படிச் செய்வது பல தயாரிப்பாளர்களின் பழக்கம், இருட்டிலும் தவறாது.

மேலும், மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தன் மாட்யூல்கள் பலவற்றின் சர்க்யூட், போர்டு கோப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. 2022இல் அந்நிறுவனம் செயல்பாட்டை நிறுத்திவிட்டாலும் கோப்புகள் இணையத்தில் இருக்கின்றன. சுருதித் தடங்களை எங்கே கொண்டுபோகிறார்கள், கிரவுண்டை எப்படி விடுகிறார்கள் என்பதைப் போர்டு கோப்பைத் திறந்து ஒரு மாலை நேரம் பாருங்கள். வேறெந்தப் பாடத்தையும்விட அது பயன் தரும்.

---

அச்செழுத்து (பிரேசர் டவுன், பெங்களூரு)

தமிழ் எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. பேனல்களுக்கு எழுத்து அமைத்துத் தருவது என் வேலை.

தெளிவாக வரும், அளவில் கஞ்சத்தனம் செய்யாதவரை. சில்க்ஸ்கிரீனில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 0.15 மி.மீ. கோட்டை உறுதியாகத் தருவார்கள். அதற்குக் கீழே போனால் விட்டுவிட்டு வரும். ஆங்கில எழுத்து 1.2 மி.மீ. உயரத்திலேயே படிக்கக் கிடைக்கும். தமிழில் ண, ணை, ஐ போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் அடைத்துக்கொள்ளும். உடலெழுத்தின் உயரம் 2.2 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் புத்தக எழுத்துரு வேண்டாம். ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருவை எடுங்கள். புள்ளியைத் தனியாகக் கவனியுங்கள், அதன் விட்டம் 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் அச்சில் காணாமற்போகும் வாய்ப்பு உண்டு. தேவையானால் புள்ளியை மட்டும் கையால் பெரிதாக்குங்கள்.

எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அமைத்து, பாதையாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகக் கிகேடின் சில்க்ஸ்கிரீன் அடுக்கில் இறக்குங்கள். அப்படிச் செய்தால் யாருடைய கணினியில் திறந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறாது. ஆர்டர் கொடுக்கும் முன் கெர்பர் கோப்பை (தயாரிப்பாளருக்கு அனுப்பும் வரைபடக் கோப்பு) தனியொரு காட்டியில் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிடுங்கள். தங்கப் பூச்சில் எழுத்து வேண்டும் என்று சிலர் சால்டர் மாஸ்க்கை (செம்பின் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு) திறந்துவிடுவார்கள். பார்க்க அழகு, ஆனால் சுழிகளுக்குள் மிஞ்சும் மெல்லிய மாஸ்க் உரிந்துவிடும். தலைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாப்பின் பெயரை நாப்புக்கு மேலே எழுதுங்கள்; கீழே எழுதினால் திருப்பும் கையே அதை மறைக்கும். பெரிய நாப் போடப்போவதாகச் சொன்னீர்கள். அதன் விட்டத்தைப் பேனல் வரைபடத்தில் ஒரு வட்டமாகவே வரைந்துகொண்டு, எழுத்தை அந்த வட்டத்துக்கு வெளியே குறைந்தது 1 மி.மீ. தள்ளி வையுங்கள்.

சால்டரிங் வரிசையும் எழுத்தின் நேர்த்தியைப் பாதிக்கும். பாட்டுகளையும் ஜாக்குகளையும் எல்.இ.டி.க்களையும் போர்டில் செருகி, பேனலை மேலே பொருத்தி, நட்டுகளை முடுக்கிய பிறகுதான் சால்டர் வைக்க வேண்டும். முன்கூட்டியே வைத்துவிட்டால் ஒரு பாட் சாய்ந்து நிற்கும், அதன் நாப் எழுத்தின் மேல் ஏறும். நட்டை முடுக்கும்போது குறடு வழுக்கினால் வெள்ளை எழுத்து சுரண்டப்படும் என்பதால், அளவான பாக்ஸ் ஸ்பானரால் முடுக்குங்கள்.

கடைசியாக, பல தயாரிப்பாளர்கள் ஆர்டர் எண்ணைத் தாங்கள் நினைத்த இடத்தில் அச்சிட்டுவிடுவார்கள். பேனலுக்கு ஆர்டர் கொடுக்கும்போது அந்த எண் பின்பக்கத்தில்தான் வர வேண்டும் என்று குறிப்பில் எழுதி, அதற்கான இடத்தையும் பின்பக்க அடுக்கில் நீங்களே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.